பக்கத்து இருக்கைக்காரர்

லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியதும் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. நான்காவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் மூன்று மிதி. கூட நிற்பவர்கள் திடுக்கிட்டுத் தங்கள் காலடியைப் பார்த்துக்கொள்கிறார்கள். கரப்பான் பூச்சி எதுவும் இல்லை. லிஃப்ட் தன்பாட்டுக்கு நின்று கதவைத் திறந்ததும், தான் மிதித்ததால்தான் அது நின்றது என்கிற திருப்தியோடு மாஸ்டர் வெளியே போகிறார்.

முடிவெட்டும் கடையில் பின்கழுத்துக்குக் கத்தி வரும்போது ஒரு மிதி. திரையரங்கில் கதாநாயகன் வில்லனைக் காரில் துரத்தும்போது முன்வரிசைக்காரரின் முதுகில் ஒரு மிதி. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் மிதித்து விழித்துக்கொண்டால், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி கண்ணைத் திறக்காமலேயே கேட்பாள்: "இன்னிக்கு யாரு குறுக்க வந்தா?" "நாய்" என்று அவரும் கண்ணைத் திறக்காமலேயே பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

இருபத்து நான்கு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்த நேரத்தைவிட அதற்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த நேரம்தான் அவருடைய ஆயுளில் அதிகம். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்காக அந்தப் பக்கமும் ஒரு பிரேக் பொருத்தியிருக்கும். மாஸ்டரின் பிழைப்பு அந்த ஒரு மிதியில்தான் ஓடுகிறது. ஜன்னலோரக் கை மட்டும் வெயிலில் கறுத்து, சட்டையைக் கழற்றினால் இரண்டு ஆட்களின் கைகளை ஒருவருக்கே மாட்டிவிட்டது போல இருக்கும்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வங்கிக் காசாளர் ஒருவர் முதல் நாளே தக்காளி வண்டியில் கொண்டுபோய் இடித்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து அழுதார். மாஸ்டர் இறங்கிப் போய்த் தக்காளிகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தக்காளிதானே சார், நம்ம மண்டை இல்லையே. வரும், வரும்" என்றார். அந்த "வரும், வரும்" அவருடைய மந்திரம். முப்பது வயதுக்காரருக்கும் அதுதான், அறுபது வயதுக்காரருக்கும் அதுதான். கிளட்சை எப்படி விடுவது என்று கேட்டால், "கையில இருக்கிற கோழிக்குஞ்சைக் கீழ எறக்கி விடுற மாதிரி" என்பார். வண்டியை ஒதுக்குவதற்கு முன் இரண்டு கண்ணாடிகளையும் பார்த்துவிட்டுத் தோளுக்கு மேலாகத் திரும்பியும் பார்க்க வேண்டும் என்பதை அவர் மூன்றே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தார்: "கண்ணாடி, கண்ணாடி, தோள்." ஹாரன் அடித்தால் மட்டும் முகம் சுளிப்பார். "அது கெட்ட வார்த்தைங்க. வீட்டுல பேசாத வார்த்தைய ரோட்டுல எதுக்குப் பேசணும்?"

அவருடைய பாடம் தினமும் ஒரே வழியில்தான் போகும். சந்தைப் பக்கத்து ரவுண்டானா, மேம்பாலத்தடி, பேருந்துகள் முட்டி மோதும் நான்கு சிக்னல்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும் அகலச் சாலை. அந்தச் சாலையில் "கடற்கரை 38" என்று ஒரு பலகை நிற்கிறது. அந்தப் பலகைக்கு அடியில்தான் வண்டியை முழுவட்டமாகத் திருப்பக் கற்றுக்கொடுப்பார். மூவாயிரம் பேரைக் கடல் இருக்கும் திசையில் கூட்டிக்கொண்டு போய், கடலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிக் கூட்டிவந்த மனிதர் அவர். பலகையைத் தாண்டி ஒருமுறைகூடப் போனதில்லை. ஏன் என்று கேட்டால், "சிலபஸ் அங்க முடிஞ்சிடுது" என்பார்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. எழுத்துப் பலகையைக் குச்சியால் தொட்டு, "அடுத்த வரி... அதுக்குக் கீழ் வரி..." என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள். எழுத்தே தெரியாமல் குத்துமதிப்பாக அடித்துவிடுகிற ஆட்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் வீட்டுக்காரர் எதை மறைக்க முடியும்? ஆனால் அவள் மறைத்தாள். மூன்று மாதம், சனிக்கிழமைதோறும், மூச்சுவிடாமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையை வைத்தாள். ஓட்டுநர் உரிமம். மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"போட்டோ உன்னை மாதிரியே இருக்கு."

"நான்தான்."

"யாரு குடுத்தா?"

"குடுக்க வேண்டியவங்க குடுத்தாங்க. எட்டு போட்டேன், ரிவர்ஸ் எடுத்தேன், ஒரே தடவையில பாஸ்." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில புதுசா ஒரு வேலை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் பிள்ளைங்களுக்குக் கண்ணு பார்க்கணும். வேன் குடுப்பாங்க, நாமளே ஓட்டிட்டுப் போகணும். என்னைத்தான் கேக்குறாங்க. வர்ற திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம். நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உட்காருறீங்க. உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டிட்டேன்னா உலகத்துல எங்க வேணும்னாலும் ஓட்டிடுவேன்."

நிபந்தனையும் சொன்னாள். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது. கிளட்ச், பிரேக், கியர், கண்ணாடி என்ற நான்கும் நாக்கில் ஏறவே கூடாது.

"வந்துட்டா?"

"கார்டைத் துண்டு துண்டா ஆக்கிடுவேன். திங்கட்கிழமை முடியாதுன்னு சொல்லிட்டு, பழையபடி பஸ்ல தொங்கிட்டுப் போறேன்."

"அது பிளாஸ்டிக்கு. கிழியாது."

"கத்தரிக்கோல் இருக்கு" என்று எழுந்துபோனாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று மாஸ்டருக்குத் தெரியும். அவள் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை மாலை அவள் இன்னொன்றும் கேட்டாள்: அந்தப் பக்கத்துப் பிரேக்கைக் கழற்ற வேண்டும். மாஸ்டர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்தார். மூன்றே போல்ட்டு, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கழற்றிய பெடலைப் பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைக்கும்போது, பல் பிடுங்கியவர் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பாடு. பின் இருக்கையில் மனைவியின் தம்பி. அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. "மேல போறது கீழ வரணும், கீழ வந்தது மேல போகணும், அவ்ளோதான் என் தத்துவம்" என்று சொல்லித் திரிகிறவன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். வந்ததும் மாஸ்டரின் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாயைத் திணித்தான். "மாமா, பேசணும்னு தோணும்போதெல்லாம் ஒண்ணு வாயில போட்டுக்குங்க."

அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். மாஸ்டர் முதல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

தெருமுனை திரும்புவதற்குள் இரண்டாவது போய்விட்டது. நகரம் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அரக்கப் பரக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பேருந்து உரசுவது போல வந்து விலகியது. ஒரு சைக்கிள்காரர் யோசித்துக்கொண்டே குறுக்கே போனார். மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கையை அடக்கலாம், காலை யார் அடக்குவது? பெடல் இல்லாத இடத்தில் கால்விரிப்பை அது தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"கால் மரத்துப்போச்சு."

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையா?"

"அக்கா, மாமா டான்ஸ் கத்துக்கிறாரு, விடு" என்றான் பின்னாலிருந்தவன்.

சந்தைப் பக்கத்து ரவுண்டானா வந்தது. மாஸ்டருக்குத் தொண்டையில் மிட்டாய் நின்றுவிட்டது.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், கல்யாணமான புதிதில், அவளுக்கு அவர் வண்டி கற்றுக்கொடுத்தார். பதினோரு நாள். பதினோராவது நாள் இதே ரவுண்டானாவில் வண்டி மூன்று தடவை நின்றுபோனது. சுற்றிலும் ஹாரன். கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். மாஸ்டர் பெண்சாதிக்கே மாஸ்டரால் சொல்லிக்கொடுக்க முடியவில்லையா என்று பார்க்கிறார்கள். ஊருக்கெல்லாம் "வரும், வரும்" என்று சொல்கிறவர் அன்று அவளிடம், "உனக்கு வராது. எறங்கு" என்றார். அவள் இறங்கினாள். நான்கு கிலோமீட்டர் நடந்து, வழியில் பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. மாஸ்டர்தான் பேசினார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது போல வாத்தியார் பெண்சாதிக்கு வண்டி வராது என்று அதை ஒரு நகைச்சுவையாக்கி, கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பயத்தைப் போக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் சிரிப்பார்கள்.

இப்போது அவள் ரவுண்டானாவுக்குள் நுழைந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஏதோ முணுமுணுக்கிறாள். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"கண்ணாடி, கண்ணாடி, தோள்."

சொன்னபடியே பார்த்தாள், பார்த்தபடியே ஒதுக்கினாள், ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வந்துவிட்டாள். கிளட்ச் எழுந்த அழகைப் பார்த்தால், கோழிக்குஞ்சு ஒன்று பத்திரமாகத் தரையில் இறங்கி நடந்துபோயிருக்கும்.

மாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த மூன்று சொல் அவருடையது. இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. யாரிடம் கற்றாள்? கேட்கலாம் என்றால் வாயைத் திறக்க முடியாது. போனை எடுத்து எழுத்துகளைத் தட்டிப் பின்னால் நீட்டினார்.

"அக்கா, மாமா எழுத்துல கேக்குறாரு. யாருகிட்ட கத்துக்கிட்டன்னு."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தாள். "எழுத்துல கேட்டா பேசினதா ஆகாது. சொல்லலாம். தையல்காரம்மாகிட்ட."

மாஸ்டருக்கு உடனே ஞாபகம் வந்தது. அவரிடம் கற்றுக்கொண்டவர்களிலேயே ஆமை வேகத்தில் கற்றவர் அந்த அம்மாள். எட்டு மாதம். நான்கு முறை தேர்வில் தவறி, ஐந்தாவது முறை தேறினார். இப்போது நகரத்தின் தெற்குக் கோடியில் பெண்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறார் என்று காதில் விழுந்திருந்தது.

"நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது" என்றாள் மனைவி. "நானும் சொல்லல. 'எங்க மாஸ்டர் இப்படித்தான் சொல்லுவார், எங்க மாஸ்டர் அப்படித்தான் சொல்லுவார்'னு ஒரே மாஸ்டர் புராணம். நானும் ஓஹோ, அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். எட்டு மாசத்துல நீங்க ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்லையாமே?"

 மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. ஊரான் பெண்ணுக்கு எட்டு மாதம் பொறுத்தவனுக்குத் தன் பெண்டாட்டிக்குப் பன்னிரண்டாவது நாள்வரைகூடப் பொறுக்கவில்லை. மூன்று மிட்டாய்களைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடற்கரை 38" பலகை வந்தபோது அவருடைய கை தானாக எழுந்து, திருப்பு என்று காற்றில் வட்டம் போட்டது. அவள் திருப்பவில்லை. பலகை பின்னால் போனது. இருபத்து நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சாலை அவருக்குத் தெரியாததாக மாறியது. கட்டடங்கள் குட்டையாகின. அப்புறம் விட்டுவிட்டு வந்தன. அப்புறம் வரவேயில்லை. பின் இருக்கையில் குறட்டை கேட்டது. சாட்சி தூங்கிவிட்டிருந்தான்.

கடலை முதலில் பார்த்தது அவள்தான். "அதோ" என்றாள். மாஸ்டர் அங்கே பார்ப்பதற்கு முன் வேகமானியைப் பார்த்தார். நாற்பத்தைந்து. சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு, பிறகுதான் கடலைப் பார்த்தார். இத்தனை பெரிய ஒன்று முப்பத்தெட்டே கிலோமீட்டரில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

வண்டி நிறுத்துமிடம் சாலையிலிருந்து கீழே, மணலை ஒட்டியிருந்தது. அவள் இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினாள். மாஸ்டர் இறங்கிப் போய் இரண்டு பக்கமும் இடைவெளியைச் சாணால் அளந்து பார்த்தார். ஒரே அளவு. குறை சொல்ல ஒன்றுமில்லாதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சும்மா இருப்பது எப்படி என்று மாஸ்டருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், சூரியன் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டு விரிப்பை நகர்த்தினார், திரும்ப உட்கார்ந்தார். மச்சினன் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தான். ஒரு நண்டு வளைக்குள் போகப் பார்த்தது. பக்கவாட்டில் வந்து, கொஞ்சம் விலகி, மறுபடி சரிசெய்து நுழைந்தது.

"பார்த்தியா, எவ்ளோ கச்சிதமா நிறுத்துது" என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"ஏங்க."

"நண்டைச் சொன்னேன்மா."

"நண்டையும் சொல்லக் கூடாது."

ஆனால் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அவர் உடம்பில் ஏதோ ஒன்று தளர்ந்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: ஹாரன் இல்லை. எதிரில் யாரும் வரவில்லை, பின்னால் யாரும் வரவில்லை, குறுக்கேயும் யாரும் வரவில்லை. வருவது அலை மட்டும்தான். அதுவும் வந்த வழியே ஒழுங்காகத் திரும்பிப் போய்விடுகிறது. இப்படி நடந்துகொள்கிற ஒரு வாகனத்தை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. காலணியைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஈரமணலில் போய் நின்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே, முழங்கால் நீரில், கடலைப் பார்த்து நின்றிருந்தாள். அப்போதுதான் அந்த அலை வந்தது. மற்ற அலைகளுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, தோள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டு வந்தது. மாஸ்டர் என்ன சொல்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே கடற்கரை முழுக்கக் கேட்கும்படி அலறிவிட்டார்:

"பிரேக்! பிரேக்! பிரேக் போடு!"

அலை போடவில்லை. அவளைத் தூக்கிக் கொண்டுவந்து அவர் மேலேயே சாய்த்து, இரண்டு பேரையும் தலையோடு கால் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சினன் செய்தித்தாளைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "மாமா, அலை நிக்கவே இல்ல. அதுக்கு லைசென்ஸ் குடுத்துடாதீங்க!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. விலக்கப்பட்ட சொல்லை ஒன்றுக்கு மூன்று முறை சொல்லியாகிவிட்டது. கூந்தல் முகத்தில் ஒட்டிக்கொள்ள, உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார். கத்தரிக்கோல் கண்முன் வந்தது.

அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். "அது அலைக்குச் சொன்னது. எனக்கில்ல" என்று தீர்ப்பு வழங்கினாள். "ஆனா இதுதான் கடைசி."

ரொட்டியும் அவித்த முட்டையும் ஆரஞ்சும் சாப்பிட்டார்கள். ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே மாஸ்டர், "அன்னிக்கு..." என்றார்.

"எந்த அன்னிக்கு?"

"அந்த ரவுண்டானால..."

"மணல் பறக்குது, ரொட்டியை மூடுங்க" என்றாள் அவள்.

அவர் மூடினார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அந்த நான்கு கிலோமீட்டர் நடையை ஒரு ஆரஞ்சுச் சுளையோடு சேர்த்து விழுங்கிவிட முடியாது என்று அவருக்கும் புரிந்தது. அவளுக்குச் சொல் வேண்டியிருக்கவில்லை. சொல்லை நாள் முழுக்கக் கேட்கிறவள் அவள். தெரியாத எழுத்தைத் தெரிந்தது போலச் சொல்கிறவர்களை எத்தனை பேர் பார்த்திருப்பாள்.

நான்கு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்தது. காலையில் சறுக்கிக்கொண்டு இறங்கிய சரிவு, போகும்போது செங்குத்தாக ஏறும் மேடாகிவிட்டது. மேலே சாலையில் நெரிசல். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுகிறார்கள். அவர்களுடைய கார் மேட்டின் நடுவில் போய் நின்றது. முன்னால் ஒரு வேன், பின்னால் கறுப்பாக ஒரு பெரிய கார், அதற்குப் பின்னால் கடல்வரைக்கும் வரிசை.

முன் வேன் நகர்ந்தது. அவள் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி நின்றுபோய், ஒரு முழம் பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்தாள். பெரிய கார் நீளமாக ஹாரன் அடித்தது. மறுபடி சாவி, மறுபடி குலுக்கல், மறுபடி அரை முழம் பின்னால். இப்போது வரிசை முழுவதும் ஹாரன் அடித்தது. பகலெல்லாம் கேட்காமலிருந்த சத்தம் வட்டியோடு வந்து சேர்ந்தது.

 அவள் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மாஸ்டரைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், "ஏங்க... நீங்க வந்து எடுத்துடுங்க" என்றாள்.

அவருக்கு ஒரு நிமிட வேலை. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் கார் சொன்னபடி கேட்டு ஏறிவிடும். வீடு போய்ச் சேரலாம். நாளைக் காலை அவள் ஆஸ்பத்திரியில் முடியாது என்று சொல்லிவிட்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாள். என்ன தவறு என்றும் அவருக்குத் தெரியும்: சக்கரத்தில் ஈரமணல், வண்டி இன்னும் கொஞ்சம் உறுமிய பிறகு கைப்பிரேக்கை விட வேண்டும். ஒரே வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. மிட்டாய்ப் பொட்டலம் காலி.

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

அவள் இருக்கைப் பட்டையைக் கழற்றும் சத்தம் கேட்டது. தன் பக்கம் சுற்றி வருவார் என்று நினைத்திருப்பாள். அவர் முன்பக்கம் போகவில்லை. காரின் பின்னால் வந்து, பம்பரிலிருந்து ஒரு எட்டு தள்ளி, மேட்டின் நடுவில் நின்றார். தங்கள் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹாரன் அடித்த வரிசையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கறுத்த கை. அந்தக் கையைப் பார்த்து நிற்காத வண்டி அவர் அனுபவத்தில் இல்லை. ஹாரன் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அக்கா, மாமா பின்னால போய் நிக்கிறாரு" என்று திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணல. அந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்கிறாரு."

 பிறகு இருக்கைப் பட்டை மறுபடி 'டக்'கென்று மாட்டிக்கொண்டது. சாவி திரும்பியது.

பெரிய காரின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். இரண்டு தடவை உருண்ட வண்டியை எதிரே வைத்துக்கொண்டு, அவருக்கே பதறிவிட்டது. "ஐயா, அதுக்குப் பின்னாலயா நிப்பீங்க? வண்டி பின்னால வந்துடப் போகுது, தள்ளி நில்லுங்க!"

"வராது" என்றார் மாஸ்டர்.

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமத் தொடங்கியது. மாஸ்டர் திரும்பவில்லை. மேட்டின் நடுவிலேயே குனிந்து, மடித்துவிட்டிருந்த கால்சட்டையை ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்து, அவசரமே இல்லாமல் மணலைத் தட்ட ஆரம்பித்தார்.